சுய உதவி சுயநலமா? சாமுவேல் ஸ்மைல்ஸின் வாழ்வும் நூலும்



இன்று எந்தப் புத்தகக் கடைக்குச் சென்றாலும் 'வெற்றி பெறுவது எப்படி?', 'செல்வந்தராவது எப்படி?', 'கவலையின்றி வாழ்வது எப்படி?' என்னும் பாணியில் அமைந்த நூல்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும், வேலை தேடும் இளைஞர்களுக்கும் பெற்றோரே இவற்றை வாங்கிக் கொடுக்கின்றனர். தமிழில் இத்துறையில் எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் எழுதிய முன்னேற்ற நூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறை நம் வீடுகளில் உண்டு.

இவ்வகை நூல்களுக்கு ஆங்கிலத்தில் 'செல்ஃப் ஹெல்ப்' நூல்கள் என்று பெயர். 'சுய உதவி' என்பது அதன் பொருள். அப்பெயரை உலகெங்கும் பரப்பியது 1859ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ஒரு நூல். அதன் ஆசிரியர் சாமுவேல் ஸ்மைல்ஸ். 'தன் கையே தனக்கு உதவி' என்று நாம் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் அந்நூல் எங்கே, எவரிடையே உருவானது என்பதை அறிந்தவர் சிலரே. அதை அறிந்தால், பிள்ளைகளுக்கு நாம் 'முன்னேற்றம்' என்று எதைக் கற்றுக் கொடுக்கிறோம் என்பதையும் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரரின் மகன்

ஸ்மைல்ஸ் 1812ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்குக் கிழக்கேயுள்ள ஹாடிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் காகிதத் தொழிலில் ஈடுபட்டுப் பின்னர் கடை நடத்தியவர். பெற்றோருக்குப் பதினொரு பிள்ளைகள். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு நின்ற ஸ்மைல்ஸ், ஊர் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பின்னர் 1829இல் எடின்பரோ பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார்.

1832ஆம் ஆண்டு காலரா நோய் நாடெங்கும் பரவியது. அந்நோய்க்கு ஸ்மைல்ஸின் தந்தையார் பலியானார். படிப்பு முடியும் தறுவாயில் குடும்பத்தின் தூண் சாய்ந்துவிட்டது. அந்நிலையில் கடையின் பொறுப்பைத் தாயார் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். இத்தனை பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டே மகனின் படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டார். ஸ்மைல்ஸ் மருத்துவராகத் தேர்ச்சி பெற்றார்.

வாசகர்களே, இந்தத் தாயை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். தன் முயற்சியால் உயர்ந்தோரைப் பற்றி உலகுக்கு எடுத்துரைத்த அம்மனிதர், தாம் உயர்வதற்குத் தம் தாயின் முயற்சியே காரணமாக இருந்ததைக் கண்ணால் கண்டவர்.

மருந்திலிருந்து எழுதுகோலுக்கு

சொந்த ஊரில் மருத்துவம் செய்த ஸ்மைல்ஸுக்குப் போதிய வருவாய் கிடைக்கவில்லை. குழந்தைகளின் உடல்நலம், வளர்ப்பு ஆகியவை குறித்து ஒரு நூலைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். பின்னர் வட இங்கிலாந்தின் தொழில் நகரான லீட்ஸுக்குச் சென்று 'லீட்ஸ் டைம்ஸ்' என்னும் வார இதழின் ஆசிரியரானார். 1842 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அக்காலத்து லீட்ஸ் நகரம் புகையும் ஆலைகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த ஊர். ஆலைத் தொழிலாளிக்கு வாக்குரிமை கிடையாது. ஏழைப் பிள்ளைகள் அனைவருக்கும் அரசு பள்ளி அமைத்துத் தரும் ஏற்பாடும் அன்று இல்லை. ஸ்மைல்ஸ் தம் இதழில் பாராளுமன்றச் சீர்திருத்தத்திற்காகத் தொடர்ந்து எழுதினார். அதற்கென அமைந்த சங்கத்தின் செயலாளராகவும் பணியாற்றினார். சட்டம் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்ற நம்பிக்கை காலப்போக்கில் அவரிடம் குறைந்தது. மனிதனின் அறிவும் பழக்கமும் ஒழுக்கமும் உயராமல், சட்டம் மட்டும் அவனை உயர்த்திவிடாது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1845ஆம் ஆண்டு முதல் இரயில்வே நிறுவனங்களில் செயலாளர் பணியை மேற்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதுவே அவரது பிழைப்பு. பகலெல்லாம் அலுவலகக் கணக்கும் கடிதமும். மாலையில் வீடு திரும்பிய பின்னரே எழுத்து. அவருக்குப் புகழ் தேடித் தந்த நூல்கள் இப்படித்தான் எழுதப்பட்டன.

காலரா அறையில் கூடிய இளைஞர்கள்

இனி, இக்கட்டுரையின் உயிரான பகுதிக்கு வருவோம்.

லீட்ஸ் நகரில் மிக எளிய நிலையிலிருந்த இரண்டு மூன்று இளைஞர்கள், குளிர்கால மாலைகளில் ஒருவர் குடிசையில் கூடிப் படிக்க முடிவு செய்தனர். அவர்களுக்கு ஆசிரியர் என்று எவரும் இல்லை. எழுத்து அறிந்தவர் அறியாதவருக்குக் கற்றுக் கொடுத்தார். கணக்கு தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தந்தார். செய்தி பரவியது, மேலும் பலர் வந்தனர். குடிசையில் இடம் போதவில்லை. கோடை வந்ததும் தோட்டத்திற்கு மாறினர். திடீரென்று மழை பெய்தால் பலகையில் எழுதிய கணக்கு அழிந்துபோகும். அன்றைய பாடமும் அத்துடன் கலைந்துவிடும்!

மறுபடியும் குளிர்காலம் நெருங்கியது. அதற்குள் அவர்கள் தொகை நூறை நெருங்கிவிட்டது. வாடகைக்கு இடம் தேடினார்கள். முன்பு காலரா நோயாளிகளைக் கிடத்தி வைத்திருந்த பெரிய அறை ஒன்று காலியாகக் கிடந்தது. நோய் இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அஞ்சி, எவரும் அதை வாடகைக்கு எடுக்கவில்லை. அந்த இளைஞர்கள் அஞ்சவில்லை. வார வாடகை பேசி எடுத்துக்கொண்டார்கள். விளக்கேற்றினார்கள். சில பெஞ்சுகளும் ஒரு மேசையும் போட்டார்கள். மரணத்தின் வாடை வீசிய இடம் கல்விக்கூடமாக மாறியது. எழுத்தும் கணக்கும் புவியியலும் கற்றவர்கள், பின்னர் வேதியியலும் பிறமொழிகளும் கற்கத் துணிந்தனர்.

இவர்கள்தாம் ஸ்மைல்ஸை அணுகி, தங்களுக்குச் சில வார்த்தைகள் பேசுமாறு வேண்டினர். 1845ஆம் ஆண்டு அவர் அங்கே உரையாற்றினார். எளிய குடும்பங்களில் பிறந்து உழைப்பால் உயர்ந்தோரின் வாழ்க்கை நிகழ்ச்சிகளை எடுத்துச் சொன்னார். ஒருவனது எதிர்கால நலம் பெரும்பாலும் அவனது உழைப்பையும், தன்னைத் தான் அடக்கி ஆள்வதையும், கடமை தவறாமையையும் பொறுத்தது என்பதே அவ்வுரைகளின் சாரம்.

ஆண்டுகள் பல சென்றன. ஒரு மாலை, உலைக்களத்து வேலையிலிருந்து நேராக வந்தவர் போன்ற தோற்றத்துடன் ஓர் இளைஞர் ஸ்மைல்ஸைக் காண வந்தார். அவர் அந்தக் காலரா அறையில் படித்தவர்களில் ஒருவர். இப்போது பலருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்ந்திருந்தார். அன்று கேட்ட சொற்களுக்கு நன்றி கூறவே அவர் வந்தார். தாம் பேசியதையெல்லாம் தொகுத்து நூலாக்க வேண்டும் என்ற உறுதி ஸ்மைல்ஸுக்கு அதன் பின்னரே ஏற்பட்டது. இவ்வரலாற்றை அவரே தம் நூலின் முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே சற்று நில்லுங்கள். 'சுய உதவி' என்ற தலைப்பைத் தாங்கிய நூல், தனியொருவன் தன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு முன்னேறியதால் பிறக்கவில்லை. நூறு ஏழை இளைஞர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்ததால் பிறந்தது!

1859: நூல் வெளிவருகிறது

1855ஆம் ஆண்டு ஸ்மைல்ஸ் கையெழுத்துப் படியை ஒரு பதிப்பகத்திடம் கொடுத்தார். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பதிப்பகம் நூலை ஏற்கவில்லை. அவர் மனம் தளராமல் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, இரயில் எஞ்சின் மேதை ஜார்ஜ் ஸ்டீபன்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1857இல் வெளியிட்டார். அது பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் பின் 1859 நவம்பரில், ஜான் முர்ரே பதிப்பகத்தின் வாயிலாகச் 'சுய உதவி' வெளிவந்தது. முதலாண்டிலேயே இருபதாயிரம் படிகள் விற்றன. ஆசிரியர் காலமான 1904க்குள் இரண்டரை இலட்சம் படிகள் விற்றுத் தீர்ந்தன.

இத்துறையில் அவருக்கு முன்னோடிகளும் இருந்தனர். இடுக்கண்களுக்கிடையே அறிவு தேடியவர்களைப் பற்றி ஜார்ஜ் கிரெய்க் என்பார் 1830இல் வெளியிட்ட நூலை இளமையில் படித்து ஊக்கம் பெற்றவர்தாம் ஸ்மைல்ஸ். எனினும் எளிய நடையில், நூற்றுக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கையைக் கதைபோல் சொல்லி, ஆலைத் தொழிலாளியும் படிக்கும்படி செய்தவர் ஸ்மைல்ஸே.

நூலில் யார் யார் வருகிறார்கள்? பதினெட்டு வயது வரை எழுதப் படிக்கத் தெரியாமல் சுரங்கத்தில் உழைத்து, பின் இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்ற ஸ்டீபன்சன் வருகிறார். பீங்கான் மெருகின் இரகசியத்தைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்து, சூளைக்கு விறகில்லாமல் வீட்டு மேசையையும் தரைப் பலகையையும் எரித்த பிரெஞ்சுக் குயவர் பாலிஸி வருகிறார்.

இவர்களைவிட நாம் கவனிக்க வேண்டியவர் கிரான்வில் ஷார்ப். இவர் இலண்டனில் ஒரு சாதாரண அரசு எழுத்தர். 1765ஆம் ஆண்டு, எஜமானனால் அடித்து வீதியில் எறியப்பட்ட ஜோனதன் ஸ்ட்ராங் என்ற கறுப்பின அடிமை இளைஞரை ஷார்ப்பும், மருத்துவரான அவர் சகோதரரும் காப்பாற்றினர். உடல் தேறிய இளைஞரைக் கண்ட பழைய எஜமானன் அவரை மீண்டும் பிடித்து விற்க முயன்றான். ஷார்ப் வழக்காடி அவரை மீட்டார். 'சட்டம் உங்கள் பக்கம் இல்லை' என்று வழக்கறிஞர்கள் கைவிரித்தனர். அதுவரை சட்டநூலைத் தொட்டிராத ஷார்ப், அலுவலகம் முடிந்த நேரங்களில் இரண்டாண்டுகள் தாமே சட்டம் பயின்றார். அவரது இடைவிடாத முயற்சியின் பயனாக, 1772இல் ஸோமர்ஸெட் என்பவரின் வழக்கில், இங்கிலாந்திலிருந்து ஓர் அடிமையை வலுக்கட்டாயமாக வெளியே கொண்டு செல்ல முடியாது என்ற தீர்ப்பு கிடைத்தது.

ஷார்ப் தம் சொந்த முயற்சியால் கல்வி கற்றார். ஆனால் யாருக்காகக் கற்றார்? விலங்கிடப்பட்ட இன்னொரு மனிதனுக்காகக் கற்றார். இத்தகையோரும் இடம்பெற்ற நூலை எப்படிச் சுயநலத்தின் வேதம் என்று சொல்ல முடியும்? பதின்மூன்று அத்தியாயங்கள் கொண்ட அந்நூலின் கடைசி அத்தியாயம் செல்வத்தைப் பற்றியது அன்று; நற்குணத்தைப் பற்றியது. பணத்தின் பயனைக் கூறும் அத்தியாயத்திலேயே அதன் கேட்டையும் அவர் சேர்த்தே கூறுகிறார்.

ஜப்பானிலும் அரபு நாடுகளிலும்

இந்நூலின் பயணம் வியப்புக்குரியது. நகமுரா மஸனாவோ என்ற ஜப்பானிய அறிஞர், இலண்டனுக்கு அனுப்பப்பட்ட மாணவர்களின் மேற்பார்வையாளராக 1866இல் சென்றார். 1868இல் நாடு திரும்பியபோது அங்கே பழைய ஆட்சி கவிழ்ந்திருந்தது. பிறப்பால் வந்த உயர்வு இனி நிலைக்காது என்ற நிலை உருவாகியிருந்தது. அவர் கையோடு கொண்டுவந்த 'சுய உதவி' நூலை மொழிபெயர்த்து 1871 வாக்கில் வெளியிட்டார். பள்ளிகளில் அது பாடநூலாகவும் வைக்கப்பட்டது, இலட்சக்கணக்கில் விற்றது. தச்சரின் மகனாகப் பிறந்து, நெசவுத் தறியைச் சீர்திருத்திப் புகழ்பெற்ற டொயோடா ஸகிச்சி, இந்நூலால் ஊக்கம் பெற்றவர்களில் ஒருவர். பின்னாளில் டொயோட்டா கார் நிறுவனம் உருவானது அவரது குடும்பத்தின் தொழிலகத்திலிருந்துதான்.

அரபு மொழிக்கு இந்நூலைக் கொண்டு வந்தவர் யஃகூப் ஸர்ரூஃப் என்ற கிறிஸ்தவ அறிஞர். 'அல்-முக்ததஃப்' என்ற புகழ்பெற்ற அறிவியல் மாத இதழை 1876இல் பெய்ரூத்தில் நிறுவியவர்களில் ஒருவர் அவர். அவரது மொழிபெயர்ப்பு 1880இல் 'ஸிர்ருன் நஜாஹ்' என்ற பெயரில் வெளிவந்தது. 'வெற்றியின் இரகசியம்' என்பது அதன் பொருள். பின்னர் அவரது இதழ் கெய்ரோவுக்கு இடம்பெயர்ந்தது. எகிப்தின் படித்த இளைஞர்கள் இந்நூலை விரும்பிப் படித்தனர். எகிப்திய மன்னரான கெதீவின் மாளிகைச் சுவர்களில் பொறிக்கப்பட்டிருந்த பொன்மொழிகளைக் கண்டு ஓர் ஆங்கிலேயப் பயணி வினவியபோது, 'உங்கள் நாட்டு ஸ்மைல்ஸ் சொன்னவையே' என்ற பொருளில் பதில் வந்ததாக ஒரு கதையும் வழங்கி வருகிறது.

இதில் நாம் பாடம் பெற வேண்டிய ஒன்று உண்டு. 1882இல் எகிப்து ஆங்கிலேயர் பிடியில் சிக்கியது. தனிமனிதரின் குணமே ஒரு நாட்டின் நிலையை நிர்ணயிக்கிறது என்ற கருத்தை இரு சாராரும் எடுத்துக்கொண்டனர். 'உங்கள் சோம்பலே உங்கள் அடிமைத்தனத்திற்குக் காரணம்' என்று பழிசுமத்தவும் அக்கருத்து பயன்பட்டது. 'அந்நியர் தருவார் என்று காத்திராமல் நாமே பள்ளிகளை எழுப்புவோம்' என்று எழுச்சி பெறவும் அதே கருத்து பயன்பட்டது. ஒரே கத்தி கொலைகாரன் கையிலும் இருக்கும், வைத்தியர் கையிலும் இருக்கும் அல்லவா!

குறைகளும் மறுமொழியும்

ஸ்மைல்ஸ் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளை மறைப்பது நேர்மையாகாது. முதலாவது, ஏழ்மைக்கு ஏழையையே பொறுப்பாக்கிவிட்டார் என்பது. நாள் முழுதும் உழைத்தும் வயிறு நிரம்பாத கூலிக்காரனிடம் 'இன்னும் உழை, இன்னும் சேமி' என்பது எப்படி நியாயமாகும்? இதில் உண்மை இல்லாமல் இல்லை. இரண்டாவது, அந்நூலில் பெண்களுக்கு மிகச் சிறிய இடமே கிடைத்தது. கடை நடத்தித் தம்மைப் படிக்க வைத்த தாயின் வரலாற்றை அறிந்தவர் எழுதிய நூலில் இக்குறை உறுத்தவே செய்கிறது.

முதல் குற்றச்சாட்டுக்கு அவர் தரப்பில் சொல்ல வேண்டியதும் உண்டு. தலைப்பைப் பார்த்தே நூலைச் சுயநலத்தின் புகழுரை என்று பலர் கருதியது அவரை வருத்தியது. 1866ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அத்தலைப்பு பொருத்தமாக அமையவில்லை என்று வருந்தியவர், தமக்கு உதவிக்கொள்ளும் கடமை அண்டை அயலாருக்கு உதவுவதையும் உள்ளடக்கியது என்று விளக்கினார். முயன்றும் தோற்றவரை அவர் இகழவில்லை. நல்ல நோக்கத்திற்காக முயன்று தோற்பது இழிவாகாது என்றே எழுதினார். பொது நூலகங்கள் வேண்டும் என்பதற்காக 1849இல் பாராளுமன்றக் குழுவின்முன் சாட்சியம் அளித்தார். 1875இல் வெளிவந்த 'சிக்கனம்' என்ற நூலிலோ, நகரில் கொள்ளைநோய் பரவினாலும், குடிநீர் கெட்டாலும், உணவில் கலப்படம் செய்தாலும் 'எவரும் பொறுப்பல்லர்' என்று கைகழுவும் சமூகத்தைக் கடுமையாகச் சாடினார். காலராவுக்குத் தந்தையைப் பறிகொடுத்தவரின் கோபம் அது.

ஏழைகளாகவே வாழ்ந்த நாயகர்கள்

1871இல் ஸ்மைல்ஸ் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். வலக்கை செயலிழந்தது. அறிமுகமானவர்களின் பெயர்கள் கூட நினைவிலிருந்து நழுவின. அறுபதை நெருங்கிய வயதில் அவர் குழந்தையைப்போல் மீண்டும் எழுதப் பழகினார். ஊருக்குச் சொன்ன உபதேசம் அவருக்கே சோதனையாக வந்தது. அதில் அவர் தேறினார்.

அதன் பின்னர் அவர் யாரைப் பற்றி எழுதினார் என்று பாருங்கள். 1876இல், இரவெல்லாம் வயல்வெளியில் உயிரினங்களை ஆராய்ந்து பகலில் செருப்புத் தைத்த தாமஸ் எட்வர்ட் என்பவரைப் பற்றி எழுதினார். 1878இல், ரொட்டி சுட்டுப் பிழைத்துக்கொண்டே செடிகொடிகளையும் பாறைகளையும் ஆராய்ந்த ராபர்ட் டிக் என்பவரைப் பற்றி எழுதினார். இருவரும் செல்வந்தர் ஆகவில்லை. டிக் வறுமையிலேயே இறந்தவர். ஆயினும் ஸ்மைல்ஸின் கண்ணில் அவர்கள் வெற்றி பெற்றவர்களே!

1904ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், தமது 91ஆம் வயதில் அவர் இலண்டனில் காலமானார்.

அவர் தொடங்கி வைத்த பாதையோ வேறு திசையில் நீண்டது. அமெரிக்காவில், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பிறர் வீடுகளில் வேலை செய்து வளர்ந்த ஒரிசன் மார்டன், ஸ்மைல்ஸின் நூல் ஒன்றைத் தற்செயலாகக் கண்டெடுத்துப் படித்தார். பின்னர் 1894இல் தாமும் அத்தகைய நூலை எழுதினார். 1897இல் 'வெற்றி' என்ற பெயரில் மாத இதழும் நடத்தினார். நாளடைவில் இத்துறையில் உழைப்பின் இடத்தில் எண்ணத்தின் ஆற்றலும், நற்குணத்தின் இடத்தில் பணமும் வந்து அமர்ந்தன. நினைத்தாலே செல்வம் தேடி வரும் என்று சொல்லும் அளவுக்குச் சில நூல்கள் போய்விட்டன. அண்டை வீட்டான் அந்தப் பக்கங்களிலிருந்து மெல்ல மறைந்துபோனான்.

நாம் சிந்திக்க வேண்டியது

பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு முன்னேற்ற நூல்களை வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. சோம்பலை விரட்டும் எந்த நூலும் நல்ல நூலே. ஆனால் 'நீ உயர்ந்து என்ன செய்யப் போகிறாய்?' என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள். 'நீ முதலாவதாக வா' என்று சொல்லும் நாம், 'உன் வகுப்பில் கணக்கு வராத பிள்ளைக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடு' என்றும் சொல்கிறோமா? மகனை உயர்த்தத் தம்மைத் தேய்த்துக்கொண்ட தாயின் பெயர் அவனது வெற்றிக் கதையில் இடம்பெறுகிறதா?

இளைஞர்களே! நம் முஹல்லாக்களில் பூட்டிக் கிடக்கும் அறைகள் எத்தனையோ உண்டு. ஒரு விளக்கு, சில பெஞ்சுகள், ஒரு மேசை; தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லித் தரும் இரண்டு மூன்று பேர். லீட்ஸ் நகரத்து ஏழைகள் இதைக்கொண்டுதான் தொடங்கினார்கள். எவரும் நுழைய அஞ்சிய அறையில் அவர்கள் ஏற்றிய விளக்கின் ஒளி ஜப்பான் வரையிலும் கெய்ரோ வரையிலும் சென்றது. தன் கை தனக்கு உதவட்டும். அந்தக் கை அருகிலிருப்பவனையும் தூக்கி நிறுத்தட்டும்.